மண்ணு கலர் புடவைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருப்பாதிரிப்புலியூரில் அப்பா காலத்து ஜவுளிக்கடையை நடத்துகிறேன். இரண்டு ஷட்டர் கடைதான். போன தீபாவளிக்கு, வழக்கமாகச் சரக்கு தரும் சூரத் ஏஜென்ட் போனில் ஒரு படத்தைக் காட்டி, "2025-க்கு இதுதான் சார் உலகக் கலர், மோக்கா மூஸ், பெரிய கடையெல்லாம் எடுத்தாச்சு" என்றார். அப்பா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை, 60 புடவை எடுத்தேன். விற்றது 9. ஒரு அம்மா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு "என்னப்பா, மண்ணு கலரா இருக்கு" என்று வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து அப்பா என்னை மண்ணு கலர் என்றுதான் கூப்பிடுகிறார். இப்போது அதே ஏஜென்ட் 2026-க்கு உலகக் கலர் வெள்ளை என்கிறார். வெள்ளைப் புடவையை நம் ஊர்க் கல்யாணத்துக்கு யார் கட்டிக்கொண்டு போவார்கள்? இதையெல்லாம் முடிவு செய்வது யார்? கணித்துச் சொல்கிறார்களா, இல்லை நம் தலையில் கட்டுகிறார்களா?

செந்தில், கடலூர்

அன்புள்ள செந்தில்,

உங்கள் ஏஜென்ட் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே பொட்டலமாகக் கட்டி உங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறார். முதலில் அதைப் பிரித்துவிடுவோம்.

'இந்த ஆண்டின் நிறம்' என்று டிசம்பர் மாதம் அறிவிப்பது பேன்டோன் என்ற அமெரிக்க கம்பெனி. ஒரு ஊரில் அச்சடித்த சிவப்பும் இன்னொரு ஊரில் அச்சடித்த சிவப்பும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று, நிறங்களுக்கு எண் போட்டு 1963-ல் ஒரு அட்டைத் தொகுப்பு கொண்டுவந்தார்கள். அந்த எண்களும் அட்டைகளும்தான் அவர்கள் சரக்கு. 1999-ல், வரப்போகிற 2000-க்கு என்று செருலியன் என்ற ஒரு வான நீலத்தை அறிவித்தார்கள். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, வருஷாவருஷம் தொடர்கிறது. ஆனால் 2023-க்கு விவா மெஜன்டா என்றபோதும் 2025-க்கு உங்கள் மோக்கா மூஸ் என்றபோதும் அந்த நிறத்திலேயே மோட்டோரோலா போன் வந்தது. பேசி வைத்துக்கொண்டு செய்கிற ஏற்பாடு அது. மழை வரும் என்று சொல்லிவிட்டு, ஒரு ஆளை மாடியில் குடத்தோடு நிறுத்தி வைக்கிற மாதிரி. 2022-க்குச் சொன்ன வெரி பெரி அதுவரை அவர்கள் அட்டையிலேயே இல்லாத நிறம், அதற்கென்றே புதிதாக உண்டாக்கினார்கள். இதைக் கணிப்பு என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நிஜமான கணிப்பு வேறு இடத்தில் நடக்கிறது, அதில் இந்த ஜிகினா எல்லாம் கிடையாது. திருப்பூரில் யாராவது தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு பையர் ஒரு நிற எண்ணை அனுப்புவார். சாயப்பட்டறையில் சின்னத் துண்டுத் துணியில் அதை எடுத்துக் காட்டவேண்டும், லேப் டிப் என்பார்கள். அதை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு தரம், கடையில் எரிகிற ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்ப்பார்கள், ஏனென்றால் பகலில் அச்சாகப் பொருந்துகிற இரண்டு துண்டு கடைக்குள் போனதும் வேறு வேறாகத் தெரியும் (உங்களிடம் ஜாக்கெட் பிட் வாங்குகிற பெண்கள் புடவையோடு வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பதும் இதே சோதனைதான்). சரியில்லை என்றால் மறுபடி, மறுபடி. அது தேறிய பிறகுதான் நூல், சாயம், துணி, தையல், கப்பல். இந்தச் சங்கிலியின் அந்தப் பக்கத்து முனையில் நூல் மில்லும் சாயக் கம்பெனியும் இருக்கின்றன, அவர்களுக்கு நிறம் ஒன்றரை இரண்டு வருஷம் முன்னாலேயே தெரிந்தாக வேண்டும். யாராவது ஒருவர் முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்லித்தான் ஆகவேண்டிய தொழில் இது.

அப்படிச் சொல்பவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறார்கள். முன்பு அமெரிக்கத் துணிக்காரர்கள் பாரிஸிலிருந்து வரும் நிற அட்டையைப் பார்த்துச் சாயம் போட்டார்கள், சாயம் ஜெர்மனியிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் அந்த வழிகள் தடைபட்டபோது தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து, பருவத்துக்குப் பருவம் சொந்த அட்டை போட்டார்கள். மார்கரெட் ஹேடன் ரோர்க் என்ற பெண்மணி அதைப் பல வருஷம் நடத்தினார். 1963-ல் தொடங்கிய இன்டர்கலர் என்ற அமைப்பில் இன்றைக்கும் பல நாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை அவரவர் நிறத்துண்டுகளோடு வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். லண்டனில் 1998-ல் ஆரம்பித்த டபிள்யூ.ஜி.எஸ்.என். மாதிரி கம்பெனிகள் இந்தக் கணிப்பைச் சந்தாவுக்கு விற்கின்றன. போன சீசனில் எது ஓடியது, எது தேங்கியது, எதைப் பார்த்து மக்களுக்குச் சலித்துவிட்டது என்றெல்லாம் பார்த்துத்தான் சொல்கிறார்கள், ஜோசியம் இல்லை. நிறம் திடீரென்று தாவுவதும் இல்லை, சாம்பல் நிறம் பல வருஷம் ஓடி அலுத்தால் அது மெல்லச் சூடேறிப் பழுப்புப் பக்கம் நகரும்.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே அட்டையை எல்லா மில்லும் வாங்கினால், எல்லாக் கடையிலும் அந்த நிறம்தான் தொங்கும், அதைத்தான் வாங்கியாக வேண்டும், விற்றபின் கணிப்பு பலித்தது என்பார்கள். சதி என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிவது அவர்களுடைய பயம்தான். தனியாகத் தப்பு செய்தால் வேலை போகும், கூட்டத்தோடு தப்பு செய்தால் 'மார்க்கெட் டல்' என்று சொல்லிவிடலாம்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கினே என்ற நீலத்துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே வேலம் பிசினுக்கு மாற்றாக அதைக் கொடுத்தார்கள், கிட்டத்தட்ட பணம் மாதிரி. உங்கள் பக்கத்துத் தென்னார்க்காட்டில் வளர்ந்த அவுரிச் செடிதான் அந்தக் காலத்தில் இங்கெல்லாம் நீலச் சாயம். 1897-ல் ஜெர்மனிக்காரர்கள் செயற்கை அவுரியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பயிர் படுத்துவிட்டது. அந்த நீலத்தை யார் தீர்மானித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாரிஸ் இல்லை, புதுச்சேரியும் இல்லை. பாலைவனத்து ஓரத்தில் பிசின் கொண்டுவந்த ஆள். அவன் நீலம் கேட்டான், நாம் நீலம் தோய்த்தோம்.

உங்கள் கடைக்கும் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள், செந்தில். கார்த்திகை ஒன்றாம் தேதி கறுப்பு வேட்டி தீரும். மேல்மருவத்தூருக்குக் கிளம்புகிறவர்கள் சிவப்பு கேட்பார்கள், ஆடியில் மஞ்சள், பழனிக்கு நடக்கிறவர்களுக்குப் பச்சை. இதைச் சொல்ல எந்தக் கம்பெனிக்கும் சந்தா கட்டவேண்டாம். கல்யாணத்துக்கு அரக்கும் மயில்கழுத்தும் மாம்பழ மஞ்சளும் கேட்பவர்கள் அடுத்த வருஷமும் கேட்பார்கள். அப்பா வேண்டாம் என்று சொன்னது இந்தக் கணக்கில்தான், அதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதே சமயம் அவர் கணக்கும் முழுசு இல்லை. கல்லூரிப் பெண்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்த வெளிர் நிறத்தைக் கேட்டு உங்கள் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறார்கள் என்று என் ஊகம். அவர்களுக்காக ஆறு எடுக்கலாம். 60 எடுத்ததுதான் தப்பு.

வெள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை, 2026-க்கு அவர்கள் அறிவித்த கிளவுட் டான்சர் வெள்ளைதான். கல்யாணப் புடவையில் கை வைக்காதீர்கள். ஆனால் தைப்பூசத்துக்கு வடலூரில் பாருங்கள், வள்ளலார் சபையில் ஏழு நிறத் திரைகள் விலகுவதற்காக எத்தனை வெள்ளை வேட்டியும் வெள்ளைப் புடவையும் காத்துக்கொண்டு நிற்கிறது என்று. அந்த வியாபாரத்துக்கு அமெரிக்காக்காரன் அறிவிப்பு தேவையில்லை, அப்பாவிடம் கேட்டால் எத்தனை உருப்படி போடலாம் என்று சொல்லிவிடுவார்.

மீதி 51-க்கு ஒரு யோசனை. காஞ்சிபுரத்தில் ஒரு நீலம் எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் எம்.எஸ். ப்ளூ ஆனது, இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். மோக்கா மூஸ் என்றால் நம் ஊரில் யாருக்கும் நாக்கில் ருசி வரவில்லை. அந்த அட்டையைக் கழற்றிவிட்டு 'காப்பிக்கொட்டைக் கலர்' என்று சொல்லுங்கள், பக்கத்தில் மாம்பழ மஞ்சள் ஜாக்கெட் பிட் ஒன்றை விரித்து வையுங்கள். பத்து இருபதாவது நகரும்.

தைப்பூசத்துக்கு வடலூர் போகும் வழியில் கடைக்கு வருகிறேன். ஒன்று எடுத்து வையுங்கள், அக்காவுக்கு. என் மனைவிக்கு வேண்டாம், இதைப் படித்ததும் "மண்ணு கலரா?" என்றுதான் அவளும் கேட்டாள்.