எண்ணிப் பார்த்தவர்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நான் சிட்னிக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். காலம் 1830கள். நியூ சவுத் வேல்ஸின் வடக்கே ஒரு மாட்டுப் பண்ணை. குதிரையில் சுற்றி மாடு மேய்க்கும் ஸ்டாக்மேனாக இருந்து அதன் மேனேஜராக உயர்ந்தவன்தான் கதாநாயகன். அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? என்ன சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள், மாடுகளை எப்படிக் கணக்கு வைத்தார்கள், சேணம், சவுக்கு, கயிறு எல்லாம் எப்படி இருந்தன? அமெரிக்க கவ்பாய்க்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இப்படிப்பட்ட பண்ணையைக் குறிக்கும் ‘ஸ்டேஷன்’ என்பதற்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல்லும் வேண்டும். பூர்வகுடிகள் மீது நடந்த வன்முறைகள் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலம் அப்படி. இன்றைய அளவுகோலை வைத்து அவர்களை அளப்பது நியாயமில்லை. அரசியலை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வாழ்க்கையின் தனிமையையும் அழகையும் எழுத ஆசை.

முரளி,
சிட்னி

அன்புள்ள முரளி,

நாவல் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என் சந்தோஷம். அந்நிய ஊருக்குப் போய் நாலு வருடத்தில் அந்த மண்ணின் பழைய கதையைத் தேடுகிற பிள்ளைகள் குறைவு. அந்த ஆசை உங்களுக்கு வந்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

கவ்பாய் ஒப்பீட்டை இன்றோடு மறந்துவிடுங்கள். அது சினிமா கொடுத்த கண்ணாடி. ‘ஸ்டேஷன்’ என்பதை ஸ்டேஷன் என்றே எழுதுங்கள். இரண்டு பக்கம் படித்த வாசகனுக்கு அது ரயில் நிலையம் இல்லை என்று தானாகப் புரிந்துவிடும்.

உங்கள் கடிதம் வந்த வேளையில் நானும் ஒரு மேனேஜரைப் பற்றித்தான் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்லும் அதே காலம், அதே வடக்கு. அவர் பெயர் வில்லியம் ஹாப்ஸ். பிங்கரா என்ற ஊருக்குப் பக்கத்தில், குவைடர் ஆற்றில் கலக்கும் ஓர் ஓடைக்கரையில் இருந்த மயால் க்ரீக் ஸ்டேஷனின் சூப்பரிண்டெண்ட். முதலாளி ஹென்றி டாங்கர், முன்னாள் நில அளவையாளர். அவர் இருந்தது தெற்கே ஹண்டர் பள்ளத்தாக்கில். புல் இருந்த இடம் குடியேற்ற எல்லைக்கு வெளியே. வருடத்துக்கு 10 பவுண்டு கட்டி லைசன்ஸ் வாங்கினால் அங்கே மாடு விடலாம் என்று 1836இல் அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. ஆயிரம் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களுக்கு அந்த 10 பவுண்டில் ஒரு பென்னிகூடப் போகவில்லை.

அன்றாட வாழ்க்கை கேட்டீர்கள். பிளந்த மரத்துண்டுகளை நட்டுச் சுவர், மேலே மரப்பட்டைக் கூரை, கீழே மண்தரை. சாம்பலில் சுட்ட டாம்பர் ரொட்டி, உப்பிட்ட மாட்டிறைச்சி, சர்க்கரை போட்ட தேநீர். வேலைக்காரர்களில் பெரும்பாலானவர்கள் இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் நாடுகடத்தப்பட்ட கைதிகள். அரசாங்கம் அவர்களைச் சம்பளமில்லாமல் முதலாளிகளிடம் ஒப்படைத்திருந்தது. குடிசையைப் பார்த்துக்கொள்ள ஒருவன், குதிரையில் மாட்டைச் சுற்றி வர ஒன்றிரண்டு பேர். பெண்கள் இல்லை. தனிமை வேண்டும் என்றீர்களே, வேண்டிய மட்டும் இருந்தது.

மேனேஜருக்கு எல்லாவற்றுக்கும் மேலான வேலை எண்ணுவது. கம்பி வேலி வராத காலம். மாடு எங்கே வேண்டுமானாலும் போகும். அவ்வப்போது எல்லாவற்றையும் வளைத்து ஓட்டிவந்து பட்டியில் அடைத்து, கன்றுகளுக்குச் சூடு போட்டு, தலை எண்ணி, இத்தனை பிறந்தது இத்தனை தொலைந்தது என்று முதலாளிக்கு எழுத வேண்டும். இதற்கு அங்கே பெயர் மஸ்டர்.

இந்த வார்த்தையில்தான் நான் சிக்கிக்கொண்டேன். என் அப்பா இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிவது அவர் வேலை. நாங்கள் பெரட்டு என்று சொன்னதைத்தான் துரைமார் மஸ்டர் என்றார்கள். எங்கள் பெரிய துரையின் உத்தியோகப் பெயரும் சூப்பரிண்டெண்ட். ஒரே பேரரசு, மாட்டுக்கும் ஆளுக்கும் ஒரே சொல். அப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1838 மே மாதக் கடைசியில் விர்ரயராய் மக்கள் கூட்டம் ஒன்று மயால் க்ரீக்கில் வந்து தங்கியது. கமிலராய் என்ற பூர்வகுடி இனத்தில் ஒரு பிரிவு அவர்கள். சில மாதங்களுக்கு முன்புதான் குதிரைப் போலீஸ் அந்த வட்டாரத்தில் பூர்வகுடிகளை வேட்டையாடிவிட்டுப் போயிருந்தது. அந்த ஸ்டேஷனில் இருந்தால் பாதுகாப்பு என்று அவர்களை அழைத்தவன் சார்லஸ் கில்மைஸ்டர் என்ற ஸ்டாக்மேன். மாலையில் அவர்களோடு ஆடிப் பாடினான். டாடி என்று எல்லோரும் கூப்பிட்ட பெரிய உடம்புக் கிழவர் ஒருவர் அதில் இருந்தார். சார்லி என்று பெயரிடப்பட்ட சின்னப் பையன் ஒருவன் இருந்தான். உங்கள் நாவலுக்கு வேண்டிய அழகு இங்கே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் தொடக்கத்தில் ஹாப்ஸ் மாடுகளோடு ஆற்றின் கீழ்ப்பக்கம் போயிருந்தார். கூட்டத்தின் இளைஞர்கள் பத்துப் பேரைப் பக்கத்து ஸ்டேஷன்காரர் மரப்பட்டை வெட்டக் கூட்டிப் போயிருந்தார். ஜூன் 10, ஞாயிறு மாலை, ஜான் ஃப்ளெமிங் என்ற நிலக்காரர் மகனின் தலைமையில் குதிரைக்காரர்கள் கத்தியும் துப்பாக்கியுமாக வந்தார்கள். பயந்தவர்கள் ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற குடிசைக் காவலாளியின் குடிசைக்குள் ஓடினார்கள். ஆண்டர்சனும் ஒரு கைதி. வந்தவர்கள் குதிரையின் கழுத்திலிருந்த நீளக் கயிற்றை அவிழ்த்து எல்லோரையும் சேர்த்துக் கட்டி மேற்கே இழுத்துப் போனார்கள். கயிறு எப்படி இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். இதுதான் அந்தக் கயிறு. முன்தினம்வரை அவர்களோடு ஆடிக்கொண்டிருந்த கில்மைஸ்டரும் குதிரையேறிக் கூடவே போனான். ஆண்டர்சனுக்கு இரண்டே இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. மற்றதெல்லாம் கத்தி. பிறகு வந்து உடல்களைக் குவித்து எரித்தார்கள். கட்டைகளைக் கூட்டி எல்லாம் சாம்பலாகிறதா என்று பார்த்துக்கொள்ளும் வேலையைக் கில்மைஸ்டரிடம் விட்டுப் போனார்கள்.

சில நாள் கழித்து ஹாப்ஸ் திரும்பி வந்தார். யிண்டயிண்டின், வெள்ளையர் வாயில் டேவி, அந்த ஸ்டேஷனில் வேலை செய்த பூர்வகுடி இளைஞன், அவரை இடத்துக்கு அழைத்துப் போனான். ஹாப்ஸ் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியத்தைப் படித்துப் பாருங்கள் முரளி. அவர் எண்ணியிருக்கிறார். தலைகள் சிதறிக் கிடந்ததால் சரியாக எண்ண முடியவில்லை. மறுபடி எண்ணியிருக்கிறார். ஒரு தடவை இருபது சொச்சம் வந்தது. திரும்பத் திரும்ப எண்ணியதில் அதிகபட்சம் 28. அதில் சின்னத் தலைகள் எத்தனை என்றும் பார்த்திருக்கிறார்.

இந்த இடத்தைத் தாண்ட முடியாமல்தான் நான் இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். வாந்தி எடுத்துவிட்டு ஓடியிருக்கலாம். குதிரையைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். பட்டியில் மாட்டை எண்ணிப் பழகிய அதே கண்ணோடு அந்த மனிதர் நின்று எண்ணினார், எண் தப்பாக இருக்கக்கூடாது என்று மறுபடி எண்ணினார். பிறகு எழுதினார். கில்மைஸ்டர் வேண்டாம் என்று கெஞ்சியும் எழுதினார். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் செய்தியைச் சிட்னிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். கவர்னர் ஜார்ஜ் கிப்ஸ், எட்வர்ட் டென்னி டே என்ற மாஜிஸ்திரேட்டை அனுப்பினார். அவர் போவதற்குள் இடம் துடைக்கப்பட்டிருந்தது. சில எலும்புத் துண்டுகளும் பற்களும் மிச்சம். ஹாப்ஸ் எண்ணி வைக்காமல் போயிருந்தால் அந்த 28 பேரும் எங்கோ போய்விட்டார்கள் என்று ஆகியிருக்கும். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் ஆயிற்று.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘அந்தக் காலம் அப்படி.’ எந்தக் காலம் தம்பி? ஹாப்ஸ் எந்தக் காலத்து மனிதர்? சேர மறுத்துக் குடிசையிலேயே நின்ற ஆண்டர்சன், பிறகு கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்ன அந்தக் கைதி, எந்தக் காலத்தவன்? அரசாங்க வழக்கறிஞர் பிளங்கெட் எந்த அளவுகோலை வைத்து வழக்கு நடத்தினார்? இன்றையதையா? கொன்றவனும் புகார் எழுதியவனும் ஒரே கூரையின் கீழ் ஒரே ரொட்டியைத் தின்றவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. ‘அந்தக் காலம்’ என்று சொல்லும்போது ஃப்ளெமிங்கின் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஹாப்ஸின் காலத்தைக் கீழே போட்டுவிடுகிறீர்கள். டாடியின் காலத்தை, சார்லியின் காலத்தை நினைத்தே பார்க்கவில்லை. அவர்களும் அதே 1838இல்தான் இருந்தார்கள். கட்டி இழுத்துப் போகிறார்களே, இது அநியாயம் என்று அவர்களுக்குத் தெரிய 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்ததா?

அந்தக் காலத்திலேயே அது குற்றம். அதற்காகவே 11 பேர் கைதானார்கள். முதல் விசாரணை நவம்பர் 15ஆம் தேதி நடந்தது, டாடியின் கொலைக்காக. எரிந்த உடல் டாடியுடையது என்று நிரூபிக்க முடியவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு ஜூரி அரைமணிகூட எடுக்காமல் எல்லோரையும் விடுவித்தது. பிளங்கெட் விடவில்லை. அதே மாதக் கடைசியில் ஏழு பேரை ஒரு குழந்தையின் கொலைக்காக மறுபடி நிறுத்தினார். தீர்ப்பு: குற்றவாளிகள். டிசம்பர் 18ஆம் தேதி ஏழு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். கில்மைஸ்டரும் அதில் ஒருவன். மிச்சமிருந்த நால்வருக்கு எதிராகப் பேச யிண்டயிண்டின் வேண்டும். கிறிஸ்தவன் இல்லாததால் அவன் சத்தியப் பிரமாணம் செய்ய முடியாது என்றது சட்டம். சொல்லிக்கொடுத்துத் தயார்படுத்தலாம் என்றிருந்த நேரத்தில் அவன் காணாமல் போனான். நால்வரும் வெளியே வந்தார்கள். பூர்வகுடிகள் பிரமாணமில்லாமல் சாட்சி சொல்லலாம் என்று நியூ சவுத் வேல்ஸில் சட்டம் வந்தது 1876இல். ஃப்ளெமிங் பிடிபடவே இல்லை. பிற்பாடு தேவாலயத்தில் பொறுப்பு வகித்தார், மாஜிஸ்திரேட்டாகக்கூட இருந்தார், 1894இல் நிம்மதியாக இறந்தார்.

டாங்கர் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்குச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர். ஆண்டர்சனின் பேச்சை நம்பமுடியாது என்று கூண்டிலேறிச் சொன்னார். ஹாப்ஸுக்கு வேலை போயிற்று.

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவர் இருந்த தோட்டத்தில் மண் சரிந்து ஒரு லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி இரண்டு காம்பராக்களை மூடிவிட்டது. தோண்டி எடுத்தது ஏழு பேரை. நாலு பேர் பெயர்ப் பதிந்த தொழிலாளிகள், மூன்று பேர் பிள்ளைகள். அறிக்கை எழுத அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் எழுதியது நாலு. அதையே துரை கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே வந்து, கோத்தகிரியில் வீடு கட்டி, எங்களையெல்லாம் படிக்கவைத்து முடித்த பிறகு, எழுபத்தெட்டு வயதில் ஒரு ராத்திரி இதைச் சொன்னார். “செக்ரோல்ல பேரில்லாத ஆள செத்ததா எப்படி எழுதுறது புள்ள?” என்று கேட்டார். அன்றைக்கு அவரிடம் யாரோ கேட்ட கேள்வி அது. முப்பத்தைந்து வருடம் கழித்து என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எழுதியிருந்தால் வேலை போயிருக்கும். லயத்துக்குக்கூட வழியில்லாமல் என் அம்மா இரண்டு பிள்ளைகளோடு ரோட்டில் நின்றிருப்பாள். எனக்கு அது தெரியும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஆனால் முரளி, ‘அந்தக் காலம் அப்படி’ என்று என் அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல உரிமை உள்ளவர். அதற்குப் பிறகு கோத்தகிரியில் கல்யாணப் பந்தியானாலும் சாவு வீடானாலும் எத்தனை பேர் என்று எண்ணும்போது பிள்ளைகளைத்தான் முதலில் எண்ணுவார். ஏன் என்று எங்களுக்கு அந்த ராத்திரிதான் தெரிந்தது.

அரசியலை ஓரமாக வைக்கிறேன் என்றீர்களே, உங்கள் கதாநாயகன் ஒரு மேனேஜர். எத்தனை தலை என்று எழுதுவது அவன் வேலை. அவன் புத்தகத்தில் எது எண்ணப்படும், எது விடுபடும் என்று முடிவு செய்யாமல் உங்களால் முதல் அத்தியாயத்தைக்கூட எழுத முடியாது.

லீவு கிடைக்கும்போது காரை எடுத்துக்கொண்டு பிங்கரா போய் வாருங்கள். சிட்னியிலிருந்து ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. மயால் க்ரீக்கில் 2000 ஜூனில் ஒரு நினைவிடம் திறந்தார்கள். கொல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் கொன்றவர்களின் வழிவந்தவர்களும் அன்று சேர்ந்து நின்றார்கள். இப்போதும் ஒவ்வொரு ஜூனிலும் கூடுகிறார்கள். பாதையில் ஒவ்வொரு கல்லாக நின்று படித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பெரிய பாறை வரும். அங்கிருந்து கீழே ஓடைப்பக்கம் பார்க்கலாம். மாலைப் பொழுதில் போங்கள், அந்தக் குதிரைக்காரர்கள் வந்த நேரம் அது. நிறைய நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

சவுக்கு கேட்டிருந்தீர்கள். கங்காரு தோலை வார்களாகக் கீறிப் பின்னுவார்கள். சேணத்தைப் பற்றி நாவலின் முதல் அத்தியாயத்தை அனுப்பிய பிறகு பேசலாம்.

அன்புடன்.