பழைய போர்தோ சிவப்பு ஒயின்: உங்கள் கேள்விகள்

கேள்வி: அண்ணா, எந்த ஒயினும் பழசாக ஆகத்தான் ருசி என்கிறார்களே?

பதில்: இல்லை. பெரும்பாலானவற்றைச் சில வருடங்களுக்குள் குடித்துவிடுவதுதான் நல்லது. பிரான்ஸின் போர்தோ பகுதியில் போயாக், சேன் ழூலியேன் ஊர்கள் பக்கத்து நல்ல சாத்தோ (ஒயின் பண்ணை) ஒயின்கள் பல வருடம் தாங்குவதற்குக் காரணம் கேபர்னே சோவின்யோன் என்ற வகைத் திராட்சைத் தோலின் டேனின், அதாவது வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் வாயைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. இருபது வருடத்தில் அது அடங்கும், பழவாசனை பின்னால் போய் புகையிலை, சிடார் மரம், ஈரமண் என்று வேறு வாசனைகள் வரும். இது எல்லோருக்கும் பிடிக்காது. பழவாசனைதான் வேண்டும் என்றால் இளசாகவே குடியுங்கள், காசும் மிச்சம்.

கேள்வி: என்னிடம் இருக்கும் 1996 போயாக் பாட்டிலின் அடியில் வண்டல். கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, டேனினும் நிறமிகளும் ஒன்றுசேர்ந்து கனத்துப் படிந்தது அது, பழைய ஒயினில் இருக்க வேண்டியதுதான். குடிப்பதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். தக்கை உளுத்திருக்கலாம், அதனால் திருகாணியைவிட இரண்டு தட்டைக் கால் உள்ள திறப்பான் நல்லது. கழுத்துக்குக் கீழே ஒரு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மெதுவாக டிகாண்டரில் (ஒயினை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றுங்கள், வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். 1996 இன்னும் திடமான ஆண்டு, ஒரு மணி நேரம் காற்றில் இருந்தால் பரவாயில்லை. ஐம்பது வயதுப் பாட்டில் என்றால் அவ்வளவு நேரம் விடாதீர்கள், வாசனை பறந்துவிடும்.

கேள்வி: ஏலத்தில் வாங்கலாமா சார்?

பதில்: லேபிளுக்கு முன்னால் ஒயின் மட்டத்தைப் பாருங்கள். முப்பது வயதுப் பாட்டிலில் கழுத்தின் அடிவரை இருந்தால் நல்லது, தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கும், நான் தொடமாட்டேன். அப்புறம், இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். 2008-ல் நியூயார்க் ஏலம் ஒன்றில் பிரான்ஸின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டியின் போன்சோ பண்ணையுடைய 'குளோ சேன் தெனி' 1945 பாட்டில் வந்தது. அந்தப் பண்ணை அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான்! அதை ஏலத்துக்குக் கொடுத்த ரூடி குர்னியவானுக்குப் போலி ஒயின் மோசடிக்காக 2014-ல் 10 ஆண்டு சிறை.

கேள்வி: 1855 பட்டியலைப் பார்த்து வாங்கினால் போதுமா?

பதில்: அன்றைய விற்பனை விலையை வைத்து, போர்தோ சாத்தோக்களை ஐந்து வரிசையாகப் பிரித்துப் போட்ட பட்டியல் அது. முதல் வரிசையில் ஒரே மாற்றம், 1973-ல் மூத்தோன் ரோட்ஷீல்ட் என்ற சாத்தோ மேலே வந்தது. போர்தோவின் பொமெரோல் பகுதி ஒயின்கள் அதில் கிடையவே கிடையாது, அங்கத்திய பேர்போன பெத்ருஸ் உட்பட. ஐந்தாம் வரிசையிலேயே அருமையானவை இருக்கின்றன.

கேள்வி: பாரிஸில் ஆறாம் மாடி. சமையலறை அலமாரியில் வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், கோடையில் வெந்துவிடும். 12-14 டிகிரி, இருட்டு, படுத்த நிலை, தக்கை காயாத ஈரப்பதம், இதெல்லாம் வேண்டும். கட்டடத்தின் நிலவறையில் உங்களுக்கு இடமிருந்தால் அங்கே வையுங்கள், இல்லையென்றால் குளிரூட்டும் ஒயின் அலமாரி வாங்குங்கள்.

கேள்வி: மட்டன் சுக்காவோடு குடிக்கலாமா?

பதில்: இளசோடு பாருங்கள். பழசைக் காரம் அடித்துவிடும், அதற்கு உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் சுட்ட ஆட்டுத்தொடை சரி. போயாக்கில் ஒயினுக்கு அடுத்து ஆட்டுக்குட்டிக்கறிக்குத்தான் பேர்.