விழுங்குகிற கேமரா குடலில் சிக்கிக்கொள்ளுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, இரண்டு முறை ரத்தம் ஏற்றினோம். எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. இப்போது கேப்சூல் எண்டோஸ்கோபி எடுக்கச் சொல்கிறார்கள். அது உள்ளேயே சிக்கிவிட்டால்? தெரிந்தவர் ஒருவர் வேறு சென்டரில் குறைந்த விலையில் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

பதில்: உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மேலிருந்து போகும் குழாயும் கீழிருந்து போகும் குழாயும் எட்டாத சிறுகுடல் பல மீட்டர் நீளம் கிடக்கிறது, கசிவு அங்கே இருக்கலாம். அமெரிக்காவில் 2001-லேயே அனுமதி பெற்ற முறை இது. கேப்சூல் 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் தடிமன், ஒரு பெரிய விட்டமின் மாத்திரை மாதிரி. தண்ணீரோடு விழுங்கினால் சுமார் எட்டு மணி நேரம் படம் எடுத்துக்கொண்டே போய், மலத்தோடு வந்துவிடும்.

சிக்குமா? நூற்றில் ஓரிருவருக்குச் சிக்கும். ஆனால் குடல் எங்காவது சுருங்கியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. நம் ஊரில் இப்படிச் சுருங்குவதற்கு முக்கியக் காரணங்கள் குடல் காசநோய், கிரோன்ஸ் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும் வரும் நோய்), அப்புறம் பழைய வயிற்று ஆபரேஷன், மூட்டு வலிக்கு வருஷக்கணக்கில் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை. அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், அந்த மாத்திரையை மருந்து என்றே கணக்கில் சேர்க்காதவர்கள் அதிகம். சாப்பிட்டதும் வயிறு உப்பி, சுருட்டிப் பிடித்து, கடமுடவென்று சத்தம் போட்டு அடங்குகிறதா என்றும் கேளுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் முதலில் குடலுக்கான சி.டி. ஸ்கேன், அல்லது சிக்கினால் தானே கரைந்துவிடும் சோதனைக் கேப்சூல். இந்தச் சோதனைக் கேப்சூல் பல இடங்களில் இருப்பிலேயே இருக்காது, அது வேறு எரிச்சல்.

இனி உங்கள் 'தெரிந்தவர்'. அவருக்கு அங்கே கமிஷன் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கேப்சூல் விழுங்குவது பத்து நிமிட வேலை, ஐம்பதாயிரத்துக்கு மேல் வரும் படங்களை ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பதுதான் நிஜமான வேலை. நாலு போட்டோவை ஒட்டி 'நார்மல்' என்று தருகிற ரிப்போர்ட்டுகள் என் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. படிக்கப்போகிற டாக்டர் யார் என்று கேளுங்கள், முழு வீடியோவையும் பென் டிரைவில் வாங்குங்கள். கேப்சூல் இருக்கும் பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். வெளியே எடுத்ததும் கேப்சூல் மினுக் மினுக்கென்று எரிய ஆரம்பிக்க வேண்டும். வெறும் கேஸ் தொந்தரவுக்கு இதைப் பேக்கேஜில் சேர்த்து விற்பவர்களை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் 'அட்மிட் ஆகவில்லையே' என்று மறுப்பார்கள். படுக்கையே தேவையில்லாத பரிசோதனைக்குப் படுக்கை கேட்கிற விதியை யார் எழுதினார்களோ! முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இரும்புச் சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் குடல் கறுத்துப் படம் தெரியாது. என்றைக்கு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேப்சூல் வெளியே வந்தது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பக்கமே போகக் கூடாது. இரண்டு வாரம் ஆகியும் வந்ததாகத் தெரியவில்லை என்றால் வயிற்றுக்கு ஒரு எக்ஸ்-ரே எடுத்தால் தெரிந்துவிடும். வந்ததைக் கழுவி எடுத்து வரவும் வேண்டாம், பெரும்பாலும் படமெல்லாம் பரிசோதனையின்போது இடுப்பில் கட்டிவிடும் பதிவுக் கருவியில்தான் பதிவாகியிருக்கும்.