'சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இத்தனை பொருள்கள் ஏன்? அதற்கு இணையான சொற்களை எப்படிப் பிரித்தறிவது?

கைப்பேசிக்குப் போடும் சார்ஜ், மருத்துவர் வாங்கும் சார்ஜ், காவல்துறை பதியும் சார்ஜ், அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளும் சார்ஜ் ஆகியவை ஒரே சொல்தானா, தற்செயலாக ஒலி ஒத்துப்போன வெவ்வேறு சொற்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே சொல்தான். பல ஆண்டுகளாக ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னை அதிகம் ஏமாற்றிய ஆங்கிலச் சொற்களில் இதற்கு முதலிடம் உண்டு.

பிற்கால இலத்தீனில் வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த 'கர்ரிகாரே' என்ற வினையே இதன் மூலம். அதற்கும் அடியில் இருப்பது 'கர்ருஸ்', அதாவது வண்டி. இதை இலத்தீன் கெல்ட்டிக் மக்களிடமிருந்து வாங்கிக்கொண்டது. நாம் ஓட்டும் காரும், கப்பலில் போகும் கார்கோவும், சுமத்தலைக் குறிக்கும் கேரியும் இதே குடும்பம். ஒருவருடைய மூக்கையும் காதையும் மிகைப்படுத்தி வரையும் கேரிகேச்சர்கூட, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது என்ற இத்தாலியச் சொல்லிலிருந்துதான் வந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது சார்ஜுக்கு இருந்த பொருள் வெறும் சுமை.

இந்தச் சுமையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். ஒருவர் தலையில் வேலையைச் சுமத்தினால் பொறுப்பு. பழியைச் சுமத்தினால் குற்றச்சாட்டு. பணச் சுமையை வைத்தால் கட்டணம். தமிழருக்கு இது புதிதும் அல்ல. குற்றம் சுமத்துகிறோம், வரி சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம். 'பொறுப்பு' என்ற சொல்லே தாங்குதலைக் குறிக்கும் 'பொறு' என்பதிலிருந்து பிறந்ததுதான். ஆங்கிலேயர் ஒரே சொல்லில் அடைத்ததை நாம் ஒரே வினையில் அடைத்திருக்கிறோம். எதைச் சுமத்துகிறோம் என்பதை மட்டும் தவறாமல் முன்னால் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் பல நேரங்களில் அதைச் சொல்வதில்லை.

அங்கேதான் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாக ஆணையை அவசரமாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். உதவியாளர் பணப்பெட்டியின் 'கஸ்டடி' என்ற பாதுகாப்புப் பணிக்கு 'சார்ஜ்டு வித்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கஸ்டடி என்றதும் காவல் நிலையம் மனத்தில் வந்துவிட்டது போலும். பணப்பெட்டி தொடர்பாக உதவியாளர் மீது குற்றம் சாட்டப்பட்டுள்ளது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை அந்த உதவியாளரே என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த காகிதம் வியர்வையில் நனைந்து, மடிப்பு ஓரங்களில் மை கலங்கியிருந்தது. "சார், நான் ஒத்த ரூபா எடுக்கலையே" என்றார். மூல ஆணையோ பணப்பெட்டியைப் பாதுகாக்கும் பொறுப்பை நம்பிக்கையோடு அவரிடம் ஒப்படைத்திருந்தது. திருத்திக் கொடுத்த பிறகும் அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போனார்.

'சார்ஜ்டு வித்' என்பதற்குப் பின்னால் குற்றத்தின் பெயர் வந்தால் குற்றச்சாட்டு; கடமையின் பெயர் வந்தால் ஒப்படைப்பு. 'சார்ஜ் ஃபார்' என்றால் பெரும்பாலும் பணம். 'சார்ஜ் அட்' என்றால் பாய்ந்து வருதல். 'இன் சார்ஜ் ஆஃப்' என்பதும் 'இன் த சார்ஜ் ஆஃப்' என்பதும் ஏறத்தாழ எதிரெதிர்: முன்னதில் எழுவாய் பார்த்துக்கொள்பவர், பின்னதில் பார்த்துக்கொள்ளப்படுபவர். ஆயா ஒருவரின் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளையே அவருடைய சார்ஜுகள் என்று ஆங்கிலத்தில் எழுதுவதுண்டு. அதைக் கட்டணம் என்று பெயர்த்த ஒரு கதையை நான் சிரிக்காமல் திருத்தியிருக்கிறேன்.

ஒத்த சொற்களில் பணம் தொடர்பானவை எளியவை. மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் தம் திறனுக்காகப் பெறுவது ஃபீ, பயணத்துக்குக் கொடுப்பது ஃபேர், சாலைக்கும் பாலத்துக்கும் டோல், பொருளுக்குப் பிரைஸ். சார்ஜ் பெரும்பாலும் சேவைக்கானது.

குற்றம் தொடர்பான சொற்களில்தான் கவனம் வேண்டும். யார் வேண்டுமானாலும் யாரையும் 'அக்யூஸ்' செய்யலாம். அடுத்த வீட்டுக்காரரே போதும். குற்ற வழக்கில் 'சார்ஜ்' செய்ய அதிகாரம் வேண்டும். 'அலெஜ்' என்பது மெய்ப்பிக்கப்படாத ஒன்றைக் கூறுவது மட்டுமே. நம் நீதிமன்ற நடைமுறையில் இன்னொரு படியும் உண்டு: காவல்துறை தாக்கல் செய்வதை நாம் குற்றப்பத்திரிகை என்கிறோம், அதைப் பார்த்த பிறகு நீதிமன்றம் குற்றச்சாட்டுகளை வனைவது, அதாவது முறைப்படி வகுத்துப் பதிவது, வேறு. ஆங்கிலத்தில் இரண்டிலும் சார்ஜ் இருப்பதால் செய்திகளில் இவை அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலோ ஒருவர் ஒரே மாதத்தில் அடிஷனல் சார்ஜும் வாங்கலாம், ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)யின் கீழ் சார்ஜ் மெமோவும் வாங்கலாம். முன்னது கூடுதல் பொறுப்பு, பின்னது குற்றக் குறிப்பாணை.

மின்சாரப் பொருள் துப்பாக்கி வழியே வந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். துப்பாக்கியில் மருந்தும் குண்டும் கெட்டிப்பதும் சார்ஜ்தான். 1740களில் லெய்டன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேமிக்கக் கற்றபோது, பெஞ்சமின் பிராங்க்ளின் அதையும் அதே சொல்லால் குறித்தார். பல ஜாடிகளை இணைத்த தொகுதிக்கு 1749இல் அவர் இட்ட பெயர் பேட்டரி, அதாவது பீரங்கி வரிசை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னூட்டம் என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஏற்றம் என்கின்றன. மூலச் சொல்லின் வண்டிப் பாரத்துக்கு இலங்கைச் சொல்லே நெருக்கமானது என்பது என் கருத்து.

பாய்ந்து தாக்குதல் என்ற பொருளும் ஆயுதத்தில் குண்டு ஏற்றியதன் தொடர்ச்சியாக வந்திருக்கலாம் என்பர். லத்தி சார்ஜ் இதில் சேரும். ஆங்கிலம் காவலர் ஓடி வருவதைப் பார்க்கிறது. தமிழ் 'தடியடி' என்று முதுகில் விழுவதைப் பார்க்கிறது.

டிஸ்சார்ஜ் என்றால் சுமையை இறக்குதல். அணையிலிருந்து நீர் வெளியேற்றம், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புதல், வழக்கிலிருந்து விடுவிப்பு, மின்கலம் தீர்ந்துபோதல் எல்லாம் அதில் அடங்கும். கடமையை டிஸ்சார்ஜ் செய்தார் என்று ஆங்கிலத்தில் வந்தால் மட்டும் சற்று நின்று படியுங்கள். கடமையிலிருந்து விலகினார் என்று பலர் பெயர்க்கிறார்கள். அவர் அதைச் செய்து முடித்தார் என்பதே அங்கே பொருள்.