அலமாரிக்குள் கழற்றி மாட்டும் கம்பி: கேள்வி பதில்

ரிப்பன், லேஸ், டேப் சுருள்களைக் கோத்து வைக்க அலமாரிக்குள் கம்பி மாட்டுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: நாற்பது ரிப்பன் சுருள்கள் இருக்கின்றன. துளை போடாமல் ஸ்பிரிங் கம்பி மாட்டினால் தாங்குமா?

பத்துப் பன்னிரண்டு என்றால் தாங்கும். நாற்பதுக்கு வேண்டாம். ஸ்பிரிங் கம்பி இரண்டு பக்கப் பலகைகளையும் அழுத்திக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான் அதற்குப் பிடிப்பு. மைக்கா ஒட்டிய வழுவழுப்பான பலகையில், நீங்கள் ரிப்பனை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கீழே இறங்கும். இன்னும் இறுக்கினால் மெல்லிய பலகை வெளிப்பக்கம் வளைந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் எதில் மாட்டுவது? கம்பி சுலபமாகக் கழன்றும் வரவேண்டும்.

மேல்பக்கம் திறந்த, ‘ப’வைப் போன்ற இரண்டு தாங்கிகள் போதும். கடையில் வாங்கலாம், பிளைவுட் துண்டிலும் செய்யலாம். கம்பி 16 மி.மீ. தடிமன் என்றால் துண்டில் 18 மி.மீ. துளை போட்டு, துளையின் இரு ஓரத்திலிருந்தும் மேலே நேராக அறுத்துவிடுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் வேலை முடிந்தது.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கம்பி தாங்கியிலிருந்து மேலே எழும்ப இடம் வேண்டும். அதோடு சுருள்களும் எழும்பும். உங்கள் பெரிய சுருளின் விட்டம் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 4, தூக்க 2, கைவாகுக்கு 1. ஆக மேல்தட்டின் அடிப்பக்கத்திலிருந்து 7 செ.மீ. கீழே கம்பியின் மையம் வரவேண்டும். இதை ஒரு அட்டைத் துண்டில் குறித்துத் துளையிட்டு, மேல்தட்டோடு ஒட்டிப் பிடித்து இடப்பக்கம் ஒரு புள்ளி, அட்டையைத் திருப்பி வலப்பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். கம்பி தட்டுக்கு இணையாக அமையும். ரசமட்டம் தேவையில்லை.

கம்பியைக் கடைசியில் வெட்டுங்கள். நான் முதன்முறை வெட்டிவிட்டுப் பிறகு தாங்கி பொருத்தினேன். நீளம் குறைந்துபோய் ஒரு முனை நழுவி, சுருள்கள் அத்தனையும் தரையில் உருண்டன. தாங்கிகளைப் பொருத்தியபின் இரண்டு பக்கப் பலகைகளுக்கும் இடையே அளந்து, அதில் 3 மி.மீ. குறைத்து வெட்டினால் உரசாது, நழுவாது. தாங்கியின் கனம் 10 மி.மீ.யாவது இருக்கட்டும்.

கேள்வி: 90 செ.மீ. அலமாரியில் 12 மி.மீ. மரக்கம்பி போட்டேன். நடுவில் தொய்ந்துவிட்டது.

அந்த நீளத்துக்கு 12 மெலிசு. தடிமனைக் கொஞ்சம் கூட்டினாலே பலன் பெரிது: அதே மரத்தில் 16 மி.மீ. போட்டால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். சுருளின் நடுத்துளை அதற்கு இடம் கொடுக்குமா என்று பாருங்கள். வாங்குமுன், இருப்பதிலேயே சின்னத் துளை எதுவோ அதை அளக்க வேண்டும். இடம் கொடுக்காவிட்டால் அதே 12 மி.மீ.யில் இரும்புக் குழாய் போடுங்கள், அல்லது நடுவில் மூன்றாவது தாங்கி ஒன்றை மேல்தட்டிலிருந்து இறக்குங்கள். என் ஓட்டு குழாய்க்கு. நடுத்தாங்கி வந்தால் சுருள்களை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ள முடியாது.

கேள்வி: பார்ட்டிகிள் போர்டில் போட்ட ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

முன்துளை போடாமல் முறுக்கியிருப்பீர்கள், அல்லது பிடித்தபிறகும் ஒரு சுற்று கூடுதலாக முறுக்கியிருப்பீர்கள். அந்தப் போர்டு பொடியாகிவிடும். பழைய துளையில் மரப்பசை தடவிய பல்குத்தும் குச்சிகளை நெருக்கி அடைத்து, ஒருநாள் காயவிட்டு, நீட்டியதை அறுத்துவிட்டு மறுபடி ஸ்க்ரூ போடுங்கள். கையாலேயே முறுக்குங்கள், ட்ரில் வேண்டாம். ஸ்க்ரூ பலகையைத் துளைத்து வெளியே வராதபடி நீளத்தையும் சரிபாருங்கள்.

கேள்வி: வாடகை வீடு. அலமாரியில் ஒரு துளைகூடப் போடக்கூடாது.

இரண்டு பிளைவுட் துண்டுகளை அலமாரியின் ஆழத்துக்கு வெட்டி, தலையில் பள்ளம் எடுத்து, இரு பக்கப் பலகைகளோடும் சாய்த்துத் தட்டின்மேல் நிறுத்துங்கள். கம்பியின் எடையைத் தட்டு வாங்கிக்கொள்ளும். துண்டுகள் உள்பக்கம் சாயாமல் இருக்க, அடியில் இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் வையுங்கள். வீடு மாறும்போது அப்படியே எடுத்துப் போகலாம்.

கேள்வி: கதவு மூட மாட்டேன் என்கிறது.

கீலின் கை உள்ளே மடங்கி வரும் இடத்தில் சுருள் இடிக்கிறது. கம்பியை 2 செ.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள், சரியாகிவிடும்.