மூன்று கொட்டேஷன், மூன்று தொகை: எதை நம்புவது?

கேள்வி: வீட்டின் பழைய ஏசியை எடுத்துவிட்டு, குளிர்காலத்தில் வெப்பமும் தரும் ஹீட் பம்ப் போட நினைக்கிறோம். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். மிகக் குறைவாகக் கேட்பவர் மொத்தத் தொகையை மட்டும் ஒரே வரியில் எழுதியிருக்கிறார். மிக அதிகமாகக் கேட்பவர் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார். இரண்டு பக்கத்துக்கு விவரமும் தந்திருக்கிறார். நடுவில் இருப்பவர் இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்கிறார். அவரையே பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: இன்று கையெழுத்துப் போட வேண்டாம். மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்பதே இன்னும் தெரியவில்லை. அது தெரியும்வரை அந்த மூன்று தொகைகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

முதலில் டன் கணக்கைப் பாருங்கள். டன் என்பது இங்கே எடை அல்ல, கருவியின் குளிர்விக்கும் திறன். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட். ஒருவர் 2 டன், இன்னொருவர் 3 டன் என்று எழுதியிருந்தால், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று இருவரிடமும் கேளுங்கள். தரைப் பரப்பு மட்டும் போதாது. ஜன்னல்கள் எந்தத் திசையில் இருக்கின்றன, கூரையில் வெப்பத் தடுப்பு உண்டா, எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் வெப்பச் சுமையைக் கணக்கிட வேண்டும். 'பழையது 3 டன், அதனால் புதியதும் 3 டன்' என்பது பதிலே அல்ல. 'பெரிசா இருந்தா நல்லதுதானே' என்று பலரும் நினைக்கிறார்கள். தேவைக்கு மிஞ்சிய கருவி சீக்கிரமே குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், மறுபடி ஓடும். அறையின் ஈரப்பதம் சரியாக இறங்காது, கம்ப்ரஸரும் தேயும். தேவைக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வர்ட்டர் வகையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. விலையையும் கூடுதலாகக் கொடுத்து இந்தத் தொல்லையையும் வாங்க வேண்டுமா?

ஹீட் பம்ப் மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தரக்கூடியது. வெளியே குளிர் ஏற ஏற அது இறங்கும். அதனால் உங்கள் ஊரின் கடுங்குளிரில் எவ்வளவு வெப்பம் தரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, ஒரே வரிக் கொட்டேஷனில் எழுதாமல் விட்டவை. பழைய கருவியை அகற்றுவது, செம்புக் குழாய், வடிகால் குழாய், தனி மின்இணைப்பு, சுவரில் துளை போட்டுப் பூசுவது ஆகியவை தொகைக்குள் அடக்கமா? குழாய் எத்தனை மீட்டர் வரை இலவசம்? கேஸ் நிரப்பும் முன் வேக்யூம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவார்களா? இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் அவர்களுக்கு நேரம் மிச்சம், பின்னால் பழுதுச் செலவு உங்களுக்கு. அறைகளுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட் இருந்தால் கசிவு சோதனையையும் கேளுங்கள்.

அதிகத் திறனுள்ள மாடலுக்குக் கூடுதலாகக் கேட்கிறார்களா? அந்தக் கூடுதல் தொகையை, ஆண்டுக்கு மிச்சமாகும் மின்கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். 4 ஆண்டு வந்தால் தாராளமாக வாங்கலாம். 14 ஆண்டு வந்தால் கருவியின் ஆயுளே அதற்குள் முடிந்துவிடக்கூடும்.

வாரன்ட்டியில் '10 ஆண்டு' என்று பெரிதாக இருந்தால், அது கம்ப்ரஸருக்கு மட்டுமா, வேலைக்கூலியும் சேர்ந்ததா என்று கேளுங்கள். வட்டியில்லாத் தவணை என்றால், முழுப் பணமும் உடனே கொடுத்தால் என்ன விலை என்றும் கேளுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் வட்டி.

சரி, இப்போது என்ன செய்வது? இரண்டு பக்கக் கொட்டேஷனை வைத்து வேலைகளை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள், விலைகளை விட்டுவிடுங்கள். அதை மூவருக்கும் அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். கொட்டேஷன் ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்றும் சொல்லுங்கள். இரண்டு மடங்கு இடைவெளி பெரும்பாலும் இங்கேயே சுருங்கிவிடும். முன்பணத்தைக் குறைவாக வைத்து, கடைசித் தவணையைக் கருவி ஓடி, குளிர், வெப்பம் இரண்டையும் சோதித்த பிறகே தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். வரிவாரியாக எழுதித்தர மறுப்பவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் அவரை விட்டுவிடுங்கள்.