தகரக் கூரைக்குக் கீழே ஒன்பது பாட்டு

அன்புள்ள அண்ணா,

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் நாங்கள் நான்கு பேர் இரண்டு வருடமாக ஹார்ட்கோர் பங்க் என்கிற வேகமான, சத்தமான ராக் இசை வாசிக்கிறோம். பழைய தேயிலைக் கொட்டகைதான் பிராக்டிஸ் இடம். சொந்தப் பாட்டு ஒன்பது. மேடை ஏறியது மூன்றே முறை, அதில் ஒரு முறை பாதியில் மைக்கை அணைத்துவிட்டார்கள். மலையின் அமைதிக்கு இந்தச் சத்தம் ஒத்துவராதாம். இப்போது கிதார் வாசிக்கிறவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. அவனுக்காகக் காத்திருப்பதா, கலைத்துவிடுவதா? "ரெண்டு வருசத்துல என்னத்தக் கிழிச்சீங்க" என்று அப்பா கேட்கிறார். போன மாதம் நீங்கள் எழுதிய அமெரிக்க பங்க் குழுவான மைனர் திரெட்டும் மூன்று வருடம்தானே இருந்தது? இன்னொன்று, எங்களில் யாரும் குடிப்பதில்லை. அவர்களைப் போல கையில் எக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

க., குன்னூர்

அன்புள்ள க.,

மலையின் அமைதி என்பது லாட்ஜ்காரர்கள் விற்கிற சரக்கு. நம் மலைப் பழங்குடிகளான கோத்தர்களின் குழலும் மேளமும் சேர்ந்து எழும்பும்போது பக்கத்தில் நின்றவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் குடியிருந்தவர்களும் பேச மாட்டார்கள். ராத்திரி முழுக்க மெஷின் ஓடுகிற சத்தத்தில் தூங்கிப் பழகியவன் நான், நின்றால்தான் விழிப்பு வரும். சரி, அது போகட்டும்.

மைனர் திரெட் வாஷிங்டனில் 1980 கடைசியில் தொடங்கியது. கடைசி மேடை 1983 செப்டம்பர். பாடகர் இயன் மக்கைக்குத் தொடங்கும்போது 18 வயது, முடியும்போது 21. உங்களுக்கு வேண்டிய விஷயம் இதற்கு நடுவில் இருக்கிறது. 1981இல் கிதார் வாசித்த லைல் பிரெஸ்லர் கல்லூரிக்குப் போனார், குழு கலைந்தது. அடுத்த வருடம் அவர் திரும்பி வந்தார், மறுபடி கூடினார்கள். இடைப்பட்ட மாதங்களில் மக்கையும் டிரம்ஸ் வாசித்த ஜெஃப் நெல்சனும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஊரில் இருந்த மற்ற குழுக்களின் ரெக்கார்டுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரெக்கார்டு வேலை ஆரம்பித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இருவரும் அதற்கு முன் டீன் ஐடில்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். அது ஓடியது ஏறக்குறைய ஒரு வருடம். மேடையில் கிடைத்த காசைப் பங்கு போடாமல் ஒரு பெட்டியில் போட்டுவைத்தார்கள். குழு கலைகிற நேரத்தில் பெட்டியில் சுமார் 600 டாலர் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர்கள் அந்தப் பணத்தில் தங்கள் எட்டுப் பாட்டுகளை ரெக்கார்டாகப் போட்டார்கள். டிஸ்கார்ட் என்ற வெளியீட்டு நிறுவனம் பிறந்தது அதற்காகத்தான். அதன் முதல் ரெக்கார்டு வெளிவந்தபோது அதை வாசித்த குழுவே இல்லை!

உறை எப்படிச் செய்வதென்றும் தெரியாது. கையில் இருந்த வேறொரு ரெக்கார்டின் உறையைப் பிரித்து விரித்து அளவெடுத்தார்கள். அதன்படி அச்சடித்து, நண்பர்களோடு உட்கார்ந்து வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கில். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனது எனக்கு நினைவுக்கு வருகிறது. நானும் ஒரு சிற்றிதழ் நடத்தினேன், நான்கு இதழ். மூன்றாவதில் பக்கங்கள் முன்பின்னாகத் தைக்கப்பட்டு வந்தன. உங்கள் அப்பா கேட்டதையே என் அப்பாவும் கேட்டார். நான்கு இதழையும் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை வைத்து சோற்றுப் பானையை மூடினார். மற்ற மூன்றையும் பீரோவில் வைத்திருந்தது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

உங்கள் கடிதத்தில் ஒன்று உறுத்துகிறது. ஒன்பது பாட்டு இருக்கிறது என்கிறீர்கள், ஒன்றைக்கூடப் பதிவுசெய்ததாகச் சொல்லவில்லை. காத்திருப்பதா, கலைப்பதா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்தப் பையன் பொங்கலுக்கு வீட்டுக்கு வருவான் அல்லவா? தை பிறந்துவிட்டால் உங்கள் பக்கம் மழை இருக்காது, தகரக் கூரை சும்மா இருக்கும். சுவரெல்லாம் கம்பளியும் இலைச் சாக்கும் தொங்கவிடுங்கள், எதிரொலி அடங்கும். செல்போனே போதும். மைனர் திரெட் பதிவுசெய்த இன்னர் இயர் ஸ்டூடியோவும் அப்போது டான் ஜியன்டாரா என்பவரின் வீட்டு நிலவறையில்தான் இருந்தது. கிதாருக்கு மட்டும் புதுக் கம்பி போட்டுவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் பழைய கம்பி துருப்பிடித்திருக்கும்.

எக்ஸ் விஷயம். வயது வராத பையன்களுக்குச் சாராயம் ஊற்றிவிடக் கூடாது என்பதற்காக சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்காரர்கள் கையில் போட்ட குறி அது. இந்தக் குறியைப் போட்டுக்கொள்கிறோம், உள்ளே விட்டுப் பாட்டுக் கேட்க விடுங்கள் என்று டீன் ஐடில்ஸ் பையன்கள் அதை வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு மைனர் திரெட்டின் 46 வினாடிப் பாட்டு ஒன்று, குடி வேண்டாம் என்ற மக்கையின் சொந்த முடிவைச் சொன்னது. அதை இயக்கமாக்க நினைக்கவில்லை என்று மக்கை பலமுறை சொல்லிவிட்டார். ஆனாலும் அதைச் சட்டமாக்கிக்கொண்டு, குடிக்கிறவனை அடிக்கப் போனவர்களும் உண்டு. குடிக்காமல் இருங்கள், நல்லது. டாஸ்மாக் வாசலில் போய் நின்று எக்ஸைக் காட்டாதீர்கள்.

பதிவு முடிந்ததும் அனுப்புங்கள். என் வீட்டில் சிக்னல் கிடையாது, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். மைக்கை அணைத்தது எந்தப் பாட்டுக்கு என்று எழுதவில்லையே? அதை முதலில் அனுப்புங்கள்.